வேலிக்கு வெளியே ஒரு சாடி

ஓடுகிறோம். மழை. புதர்ப் பற்றைக்குள் பாதை இல்லை. மாடு நடந்த தடம்தான். பின்னால் வெடி. முதலில் தனித்தனியாக. டப். டப். பிறகு தகரத்தில் கல் கொட்டியதுபோல ஒரே தொடராக. பாலையூற்றுப் பக்கம் புகை எழும்புகிறது. அந்த மழைக்குள்ளும் எழும்புகிறது.

"குனிஞ்சு ஓடுங்கோ! தலையைத் தூக்காதையுங்கோ!"

கத்துவது இவர். என் புருஷன். சின்னவன் அவருடைய தோளில். மகள் ரோசி என் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி. என் கையில் ஒரு கண்ணாடிச் சாடி.

எண்பத்துமூன்று. ஆடியில் கலவரம் நடந்த அதே வருடம். மார்கழி முதல் ஞாயிறு. பின்னேரம்.

ஏன் சாடி என்று கேட்பீர்கள். கேட்காத ஆள் இல்லை. நகை அலுமாரிக்குள் கிடந்தது. சின்னவனின் பால்மாத் தகர ரின் குசினித் தட்டில் கிடந்தது. வெடி கேட்ட நேரம் என் கையில் சாடி இருந்தது. அதோடு ஓடினேன். வேறு காரணம் இல்லை.

நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்குச் சுடும் கேக்குக்கு ஊறப்போட்ட பழம் அது. முந்திரிகை வற்றல் என்கிற காய்ந்த திராட்சை, சீனிப்பாகில் வற்றிய பூசணித் தோசி, இஞ்சிப்பாகு, கஜுப் பருப்பு. எல்லாம் இவர் வெட்டியது. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கை. ஆனால் கஜுவை நகம் நகமாக வெட்டுவார். சாராயம் ஊற்றி மூடி, பின்னேரத்தில் ஆளுக்கொரு சுற்றுக் கிண்ட வேண்டும். சின்னவனின் கையையும் பிடித்துக் கிண்ட வைப்பார். "அம்மாவைக் காவலுக்கு விட்டா நத்தாருக்குச் சாடி மட்டும்தான் மிஞ்சும்" என்று பிள்ளைகளிடம் சொல்லுவார். அன்று ரோசி கிண்டி முடித்துவிட்டாள். அடுத்தது என் முறை.

வாசலில் மூங்கில் நட்டு நட்சத்திரக் கூடு ஏற்றியிருந்தார். சிவப்புக் கடதாசி. உள்ளே பல்ப். ஆடிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒருவரும் ஏற்றவில்லை. இவர் ஏற்றினார். "இருட்டு வீட்டுக்குப் பாலன் விலாசம் விசாரிச்சுக்கொண்டு வரமாட்டார்" என்றார். அப்படித்தான் அவருடைய கதை.

கரைக்கு வருகிறோம். உள்துறைமுகத் தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. இஸ்மாயில் நானாவின் வள்ளம் நிற்கிறது. நானா கிண்ணியா ஆள். இவரோடு மூட்டை இறக்குகிறவர். ஞாயிறுகளில் விறகு கொண்டுவந்து விற்பார்.

"ஏறுங்க! படுங்க, படுங்க!"

ஏறிப் படுத்தோம். இவர் சின்னவனை என் மடியில் போட்டார். ஏறவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நானும் பார்க்கிறேன். பற்றைக்கு மேலால் சிவப்பாக ஒரு புள்ளி. எங்கள் நட்சத்திரம்.

"உது எரிஞ்சா ஒழுங்கைக்குள்ள ஆக்கள் நிக்கினம் எண்டு வருவாங்கள். பக்கத்து வீட்டு மரியாம்பிள்ளை அண்ணை ஏலாமல் கட்டில்ல கிடக்கிறார். நூத்துப்போட்டு அடுத்த வள்ளத்தில வாறன். நானா வீட்டிலயே நில்லுங்கோ. அங்கதான் வருவன்."

போய்விட்டார். வள்ளம் நகர்கிறது. கடற்படை முகாமின் வெளிச்சம் தண்ணீரைத் தடவிக்கொண்டு வருகிறது. போகிறது. நானா துடுப்பைப் போடாமல் காத்திருக்கிறார். மறுபடி போடுகிறார். நடுத்துறையில் இருக்கும்போது நட்சத்திரம் அணைந்தது. கண்டேன். ரோசியும் கண்டாள்.

"அப்பா நூத்திட்டார்" என்றாள்.

அதன் பிறகும் வெடி கேட்டது. எந்தப் பக்கம் என்று மழைக்குள் பிரிக்க ஏலவில்லை.

நானாவின் மனைவி ஹவ்வா ராத்தா தன்னுடைய சேலையையே எனக்கு உடுத்தத் தந்தாள். பிள்ளைகளை அடுப்படியில் இருத்தினாள். வெடி கேட்டு, மழைக்குள் கரையில் நானாவைப் பார்த்து நின்று தடிமன் பிடித்து, அவளுக்கு மூக்கு அடைத்துப்போயிருந்தது. காலையில் பக்கத்து வளவுக் காசிம் காக்கா வந்தார். என்னைப் பார்க்காமல் நானாவிடம் கேட்டார்.

"எத்தின நாளைக்கு? கடற்படைக்காரன் தேடி வந்தா ஊருக்கெல்லாம் கரைச்சல்."

நான் காதைப் பொத்தவில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இவர் தேடி வரும் இடம் அது ஒன்றுதான். அந்தக் கூரையை விட்டால் எங்களை எங்கே தேடுவார்?

"சாப்பிட்டுக் கதைப்பம்" என்று நானா அவரை மத்தியானத்துக்கு மறித்துவிட்டார்.

நான் கிணற்றடியில் சின்னவனின் துணி கசக்கிக்கொண்டு நிற்கிறேன். உள்ளே ராத்தா சகனில் சோறு போட்டாள். ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பிறகு இனிப்புப் பாற்கஞ்சி. விருந்தாளி கொண்டுவந்ததை மூடி வைப்பது அவளுக்கு மரியாதைக் குறைவு. சாடியில் பழம் தெரிகிறது. ஏதோ பாகு என்று நினைத்தாள். மணம் பிடிக்க மூக்கு இல்லை. கரண்டியால் அள்ளிக் கஞ்சிக் கோப்பைகளில் போட்டாள். மேலால் அழகாக.

நான் வாசலுக்கு வருகிறேன். நானா முதல் கரண்டியை வாயில் வைக்கிறார். தாடை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுப்பு மேடையில் சாடி மூடியில்லாமல் இருக்கிறது. சாராயம் அவர்களுக்கு விலக்கு. காசிம் காக்காவின் கரண்டி கோப்பைக்குள்.

நானா கையை நீட்டி அந்தக் கோப்பையை இழுத்தார். வாயைத் திறக்க அவருக்கு ஏலாது. தலையைத்தான் ஆட்டினார். ராத்தா அவருடைய முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பால் திரஞ்சி போயிட்டு காக்கா. சாப்பிடாதீங்க" என்றாள்.

"என்னமோ மணக்குதே?"

"புள்ளைக்கு நெஞ்சில தைலம் பூசின."

பொய். எங்களுக்காக. நான்கே சொல்லில்.

நானா பின்பக்கம் போய் வாய் கொப்புளித்தார். வாளி வாளியாக. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடிச்சத்தம் எனக்கு மறந்தாலும் அது மறக்காது.

காசிம் காக்கா போனதும் சாடியை எடுத்துக்கொண்டு வேலியடிக்கு ஓடினேன், ஊற்ற. ராத்தா பின்னால் வந்தாள்.

"ஆரு வெட்டின பழம்?"

"இவர்."

குனிந்து சாடிக்குள் பார்த்தாள்.

"ஊத்தாதீங்க புள்ள. வேலிக்கு உள்ள வைக்க ஏலா. வெளிய தாப்பம். அவரு வந்து அவரே தோண்டி எடுக்கட்டும்."

பூவரசுக்குக் கீழே அவளே மண்வெட்டி போட்டாள். சாடியைத் தொடவில்லை. நான்தான் இறக்கினேன். மண்ணை மூடிவிட்டு, "கேக்குக்கே இவ்வளவு ஊத்தினா, கேக்கு எழும்பி ஆடும் போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அந்த நேரம் இவர் எந்த நிலையில் இருந்தாரோ. இப்போது நினைத்தாலும் முகம் கூசுகிறது.

தைப்பொங்கல் தாண்டியும் அந்த வீட்டில் இருந்தோம். போகச் சொல்ல ஆள் இல்லை. காசிம் காக்கா ஒருநாள் அரிசிச் சாக்கைத் திண்ணென்று வாசலில் போட்டுவிட்டுப் போனார். தைலத்தை அவர் நம்பினாரோ இல்லையோ தெரியாது.

கணக்குச் சொல்கிறேன். சுட்டுக்கொண்டு வந்தவர்கள் எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. மரியாம்பிள்ளை அண்ணை தப்பினார். திரும்பிப் போனபோது வீடு நின்றது. நகை அலுமாரியில் அப்படியே இருந்தது. பால்மா ரின்னில் எறும்பு. மூங்கில் உச்சியில் மழையில் கரைந்த சிவப்புக் கடதாசி. அடுத்த ஒழுங்கைகளில் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் என் கணக்கைச் சொல்ல வாய் வராது. எனக்குப் போனது ஒன்று. இவர்.

இவர் கிடக்கிற இடம் தெரியாது. சாடி கிடக்கிற இடம் தெரியும். நான் தோண்டவில்லை. அவரே எடுக்கட்டும் என்றுதான் பேச்சு.