ஐந்துக்குக் குறைந்த எண்

அட்டவணை போடுவது சத்தமில்லாத வேலை, இன்ஸ்பெக்டர் மேடம். தெருவை வரிசையிலும் படிப்பைப் பத்தியிலும் போட்டால், எத்தனை பேர் என்று மென்பொருளே எண்ணி ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பிவிடும்.

எங்கள் நிறுவனம் பிள்ளையார்பாளையத்தில் தறி வேலை செய்யும் பெண்களிடம் சர்வே எடுத்தது. வீட்டில் அடி வாங்குகிறார்களா என்பதும் ஒரு கேள்வி. படிவத்தில் பெயர் கிடையாது. ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால், எண்ணுக்குப் பதில் கோடு போட வேண்டும்; ஆள் யாரென்று தெரிந்துவிடக் கூடாதல்லவா. வீடு வீடாகப் போய்வந்த எஸ்தர் அக்கா என்னிடம் சொன்னார்: "யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணிக்கினு வந்துருக்கேன்பா. பாத்துப் போடு."

பார்த்துத்தான் போட்டேன்.

எங்கள் தெருவில் தறியில் உட்காரும் பட்டதாரி என் அண்ணி கிருஷ்ணவேணி ஒருவர்தான். அதனால் அவர் படிவத்தை நான் தேடவில்லை, கண்ணில் பட்டது. அடி வாங்குகிறீர்களா? ஆம். யாரிடம்? கணவரிடம். அதில் எனக்கு வியப்பில்லை. கீழே தினகரன் அண்ணன் கை ஓங்கும்போதெல்லாம், மாடியில் நான் ஏதாவது நாவலில் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பேன். வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா என்பது அடுத்த கேள்வி. 'கொழுந்தனுக்குத் தெரியும். ஒருநாளும் வந்து தடுத்ததில்லை.'

அந்த வரி நியாயமில்லை என்று பட்டது. அவருடைய பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது நான்தான், மேடம்.

ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் கோடு போடும் அந்த விதியை எடுத்துவிட்டேன். கோடு இருந்த இடத்தில் 1 வந்தது. 'கணவரிடம் அடி வாங்கும் பெண்கள்' என்ற தலைப்போடு அச்செடுத்து வீட்டு மேசையில் வைத்தேன். பெயரை நான் எங்கும் எழுதவில்லை. அண்ணனே கண்டுகொண்டால் நான் என்ன செய்ய முடியும் என்று உங்களிடம் நேற்றுக் கேட்டதும் அதனால்தான்.

அண்ணி தறிக்குழியில் தவறி விழுந்து இறந்தார் என்று அண்ணன் சொல்வதை நீங்கள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். அண்ணன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாடா இது, கட்டம் போட்ட சேலையாட்டம் இருக்குது? ஒண்ணும் புரியல, எடுத்துக்கினு போ."

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அண்ணனின் விரலைப் பிடித்து எங்கள் தெருவின் வரிசையில் வைத்தேன். பட்டப்படிப்பின் பத்தி வழியாக இன்னொரு விரலை இறக்கினேன். இரண்டும் சேர்ந்த கட்டத்தில் இருப்பது யார் என்று அவருக்குப் புரியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.