கதவுக்கு அந்தப் பக்கம்

மனைவி: ஏங்க, குர்ஆன் கட்டளைகளைப் பத்தி நீங்க பேசுவீங்கன்னு கூட்டத்துல எல்லாரும் காத்திருக்காங்க. இன்னுமா கதவு திறக்கல?

கணவர்: பூட்டு சிக்கிக்கிச்சும்மா. புத்தக அறையிலயே மாட்டிக்கிட்டேன். வரலைன்னு சொல்லிடு...

மனைவி: போன வருஷம் காய்ச்சல், அதுக்கு முந்தி தொண்டைக்கட்டு, இப்போ பூட்டா? இந்தத் தடவையும் ஏமாத்தினா இனிமே கூப்பிடவே மாட்டாங்களாம். பூட்டுக்காரரைக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்.

கணவர்: அ... அதுக்குள்ளயா?

பூட்டுக்காரர்: வணக்கம் சார். இது பழைய பூட்டு. குரல் அதிர்வுலதான் இளகும். நீங்க பேசிக்கிட்டே இருக்கணும்.

கணவர்: இது எந்த ஊர் வைத்தியம்ங்க?

மனைவி: வேலை தெரிஞ்சவர் சொல்றார்ல! அங்க பேச வெச்சிருந்ததையே பேசுங்க.

கணவர்: ம்... குர்ஆன்ல கட்டளை மாதிரி வர்றதெல்லாம் நிஜமான கட்டளை இல்ல. ‘விரும்பினதைச் செய்யுங்க’ன்னு ஒரு இடத்துல வரும். கேக்க அனுமதி மாதிரி இருக்கும். அடுத்த மூச்சுலயே, நீங்க செய்யறதை இறைவன் பார்க்கிறான்னு வரும். அப்போ அது...

மனைவி: நான் ‘நடத்துங்க, நடத்துங்க’ங்கற மாதிரி.

கணவர்: அதேதான்! எச்சரிக்கை.

பூட்டுக்காரர்: கொஞ்சம் சத்தமா சார். பின்னாடி கேக்கல.

கணவர்: பின்னாடி யாரு?

பூட்டுக்காரர்: ஸ்பிரிங்கு சார். அது பின்னாடிதான் இருக்கு.

கணவர்: சரி, ஸ்பிரிங்குக்கும் சேர்த்தே சொல்றேன். செத்தவங்களை மறுபடி எழுப்ப முடியுமான்னு கேலி பண்றவங்ககிட்ட, ‘கல்லா ஆகுங்க, இல்ல இரும்பா ஆகுங்க’ன்னு வரும். யாரால ஆக முடியும்? அவங்க இயலாமையைக் காட்டற கட்டளை அது. என்னவா ஆனாலும் எழுப்பப்படுவீங்கன்னு அர்த்தம்.

பூட்டுக்காரர்: ஆஹா!

கணவர்: யாரோ இருமினாங்களே?

மனைவி: கீல் சத்தம். மேல சொல்லுங்க.

கணவர்: மனுஷன் இறைவன்கிட்ட ‘எங்களை மன்னிச்சிடு’ங்கறான். வடிவம் கட்டளைதான். ஆனா அடிமை எஜமானுக்குக் கட்டளை போட முடியுமா? அது மன்றாட்டு. யார் யார்கிட்ட சொல்றாங்கன்னு பார்த்தாத்தான் விஷயமே விளங்கும்... அவ்வளவுதான்மா. முடிஞ்சுது.

பூட்டுக்காரர்: பூட்டு இன்னும் இளகலையே சார்.

கணவர்: மன்னிச்சிடுங்க... அது சிக்கவே இல்ல. கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். நான்தான் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில இருக்கு.

மனைவி: தெரியும். அதான் கூட்டத்தையே வீட்டுக்கு வரவெச்சேன். மாடிப்படி வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க. உங்க பூட்டுக்காரர்தான் கூட்டத் தலைவர். கதவை மட்டும் திறந்துடாதீங்க, கேள்வி நேரம் பாக்கி இருக்கு!