வேர்வைக்கு யார் கையெழுத்து?

நடுநாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் பாக் சுரோத்தோ அவர்களே! அவருக்கு இருமருங்கிலும் அமர்ந்து, மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிய, மாதவிடாயே கண்டிராத நான்கு ஆண் பெருமக்களே! பாயில் அமர்ந்து வேர்த்து விறுவிறுத்துக் கேட்ட தாய்மார்களே! கடலை கொறிக்கும் கணவன்மார்களே! பாத்திக் துணிக்கூடத்தில் மெழுகு காய்ச்சித் துணியில் அச்சுக் குத்தும் வர்சினியின் வணக்கம்.

என்னை நன்றியுரைக்குத்தான் அழைத்தார்கள். அதற்கு முன், நிறைவேறப்போகும் தீர்மானத்தை நினைவூட்டுகிறேன். நம் சுகாதார நிலையத்தில் ஹார்மோன் மாத்திரை கேட்கும் பெண், கணவனின் கையெழுத்தோடு வர வேண்டுமாம்!

கையெழுத்தா? கேளுங்கள் என் கதையை.

போன மழைக்காலத்தில் எனக்குள் தீ மூண்டது. கழுத்தில் கனல், காதில் கனல், கண்ணிமைக்குள்ளும் கனல்! என் கணவர் கிமான், அதோ மூன்றாம் வரிசையில் தலை குனிகிறாரே, அவர்தான், பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்தார். "உனக்குக் காத்து புகுந்திருக்கு. திரும்பிப் படு, காசு வச்சு சுரண்டி விடுறேன்." நம் ஊரில் தலைவலித்தாலும் காற்று, தடுமன் பிடித்தாலும் காற்று! தைலம் தடவினார், முதுகைச் சுரண்டினார், இஞ்சிச்சாறு ஊற்றினார், மேலே இரண்டு போர்வை. "எரியுதுய்யா!" என்றேன். "எரிஞ்சாதான் காத்து வெளிய போகும்" என்றார். சிரிக்காதீர்கள் இபு துகினெம் அம்மா, உங்கள் முதுகிலுள்ள காசுக் கோடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்!

பிறகு வேலைக்கூடத்தில் வந்தது வினை. கொதிக்கும் மெழுகருகே கிறுகிறுத்து அச்சைக் கோணலாக வைத்தேன். மூன்று துணி பாழ். "வேற ஆளப் பாக்கட்டுமாக்கா?" என்றாள் முதலாளியம்மா. இருபத்தாறு வருடத் தொழில்! அன்று நான் அழுதேன்.

டவுனுக்கு ஓடினேன். ஒரு மருத்துவர், "ஹார்மோன் போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். இன்னொருவர், "போட்டா மார்புல புத்துநோய் வரும்" என்றார். இருவரும் என் தலைக்கு மேலே வழக்காடினார்கள். வெளியே வந்தால் கஷாயக் கூடைக்காரி, மஞ்சளும் புளியும் போதுமென்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். எவராவது என்னைக் கேட்டார்களா?

கேட்டவர் நம் சுகாதார நிலைய டாக்டர் எண்டாங் அம்மா ஒருவர்தான். "ரத்த அழுத்தம் உண்டா? குடும்பத்துல யாருக்காவது மார்புல புத்துநோய் வந்திருக்கா? உங்களுக்கு எது பெரிய தொல்லை?" அத்தனையும் கேட்டு, நன்மையும் ஆபத்தும் சொல்லி, "யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். நான் மாத்திரை எடுத்தேன். இன்றும் மெழுகடுப்பருகே நிற்கிறேன். மார்பில் புற்றுநோய்க்கு அறுவை கண்ட இபு துகினெமுக்கு அது ஆகாதென்று வேறு மருந்து தந்தார். துகினெம் அம்மாவே சொல்லச் சொன்னார், சொல்கிறேன்.

உடம்பு எரிவதற்கு முன் கணவனிடம் அனுமதி கேட்டதா? அணைப்பதற்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? வேர்ப்பது நாங்கள், விழித்துக் கிடப்பது நாங்கள், வேலை போனால் வீதியில் நிற்பதும் நாங்கள்! கையெழுத்து மட்டும் அவருடையதா?

தலைவர் அவர்களே, சிறுநீர் தடையில்லாமல் போக மாத்திரை போடுகிறீர்களே, உங்கள் துணைவியார் கையெழுத்திட்டாரா? என்ன சொல்கிறீர்கள், தலைவர் வீட்டம்மா? "என்னைக் கேக்கவே இல்லடி!" என்றா? கேட்டீர்களா தாய்மார்களே!

சிரிப்பு அடங்கட்டும். தலைவரும் சிரிக்கிறார், நல்லது. மாத்திரை போட்டாலும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது இந்தக் கனல், இதோ, வந்தேவிட்டது. ஐயா, உங்கள் கையிலுள்ள அந்தத் தீர்மானத் தாளை இப்படிக் கொடுங்கள். கெட்டித்தாள். நன்றாகவே விசிறுகிறது!

விசிறி தந்த தலைவருக்கும், வேர்வையோடு வந்த தாய்மார்களுக்கும் என் நன்றி, வணக்கம்!