வெறும் வலையின் சாட்சி

“கடலுக்குப் போற ஆக்கள் சொன்னதாலதான் நான் வேதாகமத்தை நம்புறன்.”

மன்னாரிலிருந்து தாழ்வுபாட்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேட்ட குரல் அது. அதில் இருந்த இருவரும் கடல்தொழில் செய்யும் மச்சான்மார். ஒருவரின் மகளைக் கட்டப்போகிற பெடியன் இஞ்சினியர். மாதா கோயிலில் தாலி கட்டச் சம்மதமாம், கடவுளை நம்பச் சம்மதமில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறான்.

“செய்தவன் இல்லாமல் ஒரு வள்ளம் வருமோ, அப்ப இந்தக் கடல் தானா வந்ததோ எண்டு கேக்கப்போறன்” என்றார் பெண்ணின் தகப்பன்.

“அதுக்கு அவன் நாலு விளக்கம் வைச்சிருப்பான். நீ ஆண்டவரின்ர சீடர்மாரைக் காட்டு, அவையளும் மீன்பிடிச்ச ஆக்கள்தான். எங்கட ஆக்கள் வெறும் வலையோட கரைக்கு வந்தால் என்ன சொல்லுவினம்?”

“எஞ்சின் பிழை, நீரோட்டம் பிழை எண்டுவினம்.”

“பாத்தியோ. சீடர்மார் விடிய விடிய வலையில ஒண்டும் படேல்லை எண்டு உள்ளதைச் சொல்லியிருக்கினம். ஆண்டவரைச் சேவகர் பிடிக்கேக்க தாங்கள் ஓடினதையும் மறைக்கேல்லை. பொய் கட்டுறவன் தன்ர மரியாதை கெடுற மாதிரிக் கட்டுவானோ? அப்ப ஆண்டவர் உயிர்த்திட்டார், கல்லறை வெறுமையாக் கிடந்தது எண்டு சொன்னதும் உண்மைதான்.”

தகப்பன் மச்சான் பக்கம் திரும்பினார்.

“பெடியனுக்கு இது விளங்காது மச்சான். அவன் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை.”

“சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போ.”

“மீன் படாட்டி?”

“படாட்டித்தான் நல்லது. கரையில நிண்டு நீ எஞ்சின் பிழை எண்டுறியோ, உள்ளதைச் சொல்லுறியோ எண்டு அவன் பாக்கட்டும்.”