பெர்சிஸ் குடித்த கஞ்சி

வேத வசனத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, ஒரு குடும்பத்துல நடந்த சின்னக் கதை ஒண்ணு சொல்லட்டுமா? எல்லாரும் கொஞ்சம் முன்னால தள்ளி உட்காருங்க... பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.

பெர்சிஸ்னு ஒரு பொண்ணு. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். கல்யாணமாகி வந்த கொஞ்ச நாள்லயே வயித்து வலி, பேதி, காய்ச்சல். டாக்டர் குழாய் விட்டுப் பாத்துட்டு, "இது குரோன் நோய்ம்மா"ன்னாரு. குடல்ல புண்ணு வர்ற நோய். அடங்கும்... மறுபடியும் கிளம்பும். மாத்திரையால கட்டுக்குள்ள வைக்கலாம், ஆனா முழுசா விட்டுப் போவாது.

அதோட முடிஞ்சுதா? இல்லை. பால் ஒத்துக்கலை. கோதுமை ஒத்துக்கலை. பருப்பு, வத்தல், தேங்காய்... எதைத் தொட்டாலும் வயிறு பிடிச்சு இழுக்கும். நமக்கெல்லாம் சாப்பாட்டைப் பாத்தா பசி வரும். அவளுக்குப் பயம் வரும். கல்யாண வீட்டுக்குப் போனா பந்தி எங்கேன்னு கேக்க மாட்டா. பாத்ரூம் எங்கேன்னு கேப்பா. கிளாஸ்ல பாடம் எடுக்கும்போது கூட வாசலை ஒட்டித்தான் நிப்பா.

கடைசியில, ரொம்பப் பாடுபட்டு, மூணு சாப்பாட்டைக் கண்டுபிடிச்சா. குழைய வச்ச அரிசிக் கஞ்சி. தோல் சீவி வேகவச்ச சுரைக்காய். அவிச்ச மீன். அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் பெரிய விருந்து.

அப்பதான் அது நடந்துச்சு. ஒருநாள் கஞ்சி குடிச்சுட்டு ஸ்கூலுக்குப் போனவளுக்கு, பாதி வழியிலேயே வயித்துல அந்தப் பழைய இரைச்சல். மறுநாளும் அப்படியே. யோசிச்சுப் பாருங்க... ஒத்துக்கிட்டது மூணே மூணு. அதுல எது கெடுக்குது?

மீனை நிறுத்தினா. வலி நிக்கலை. சுரைக்காயை நிறுத்தினா. நிக்கலை. அப்போ என்ன மிச்சம்? கஞ்சி. அதையும் நிறுத்தினதும் வலி அடங்குச்சு. மத்ததைத் தொடவும் பயந்து, உப்புச் சர்க்கரைத் தண்ணியை மட்டும் குடிச்சுட்டு அடுப்படியில உட்கார்ந்திருந்தா. சேலை இடுப்புல நிக்க மாட்டேங்குது. புருஷன் ஜெபசிங் "ஆஸ்பத்திரிக்குப் போவோம்"ங்கான். போனா என்ன சொல்லுவாங்களோன்னு அவளுக்கு அதுக்கும் பயம்.

அவ மாமியார் ஞானபுஷ்பம் அம்மா. நல்ல மனுஷி. மருமக இளைக்கிறதைப் பாத்துப் பாத்து உருகுற மனுஷி. அன்னைக்குப் பக்கத்துல வந்து, "ஏம்மா, கஞ்சியாவது ஒரு வாய் குடியேன்"னாங்க.

பெர்சிஸ் சொன்னா: "கஞ்சியும் என்னை விட்டுப் போயிட்டு அத்தை. அரிசியே ஒத்துக்கலைன்னா நான் இனி எதைத் தின்னு உயிரோட இருக்க?"

அந்த அம்மா முகம் வெளுத்துப் போச்சு.

"கஞ்சி இல்லம்மா..."

"என்ன அத்தை?"

"பால்பவுடர். தினமும் ஒரு கரண்டிதான் போட்டேன். நீ எலும்பும் தோலுமா கெடக்கியே... சத்துக்குன்னு. சொன்னா குடிக்க மாட்டேன்னுதான் சொல்லலை. எல்லாம் உன் மனப்பயம்னு நெனச்சேன்."

பெர்சிஸ் என்ன கேட்டா தெரியுமா?

"மீன்ல ஏதும் போட்டீங்களா?"

"இல்ல."

"சுரைக்காயில?"

"இல்லம்மா. கர்த்தர் சாட்சியா கஞ்சியில மட்டுந்தான்."

அவ ஏங்கி ஏங்கி அழுதா. மாமியார், "கோவமா இருந்தா என்னைத் திட்டிரும்மா"ன்னாங்க.

"கோவம் இருக்கு அத்தை. நிறைய இருக்கு. ஆனா... அரிசி எனக்கு இன்னும் இருக்கு."

கேட்டீங்களா? அரிசி எனக்கு இன்னும் இருக்கு. நாம தட்டுல மிச்சம் வச்சு ஒதுக்குற சோத்துக்கு ஒரு பொண்ணு அழுதா.

மறுநாளே ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போனாங்க. நடந்ததை மாமியாரே தன் வாயால சொன்னாங்க. டாக்டர் பரிசோதனை பண்ணி மருந்தை மாத்திக் குடுத்தாரு. "நீங்களா சாப்பாட்டை நிறுத்தாதீங்கம்மா, உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத் தொடங்குங்க"ன்னு சொல்லி அனுப்பினாரு.

வீட்டுக்கு வந்து மாமியார் அவ கண்ணு முன்னாலயே அரிசி போட்டாங்க, தண்ணி விட்டாங்க, உப்புப் போட்டாங்க. ஆனா பெர்சிஸால குடிக்க முடியலை. டம்ளரை எடுக்கா... வைக்கா. எடுக்கா... வைக்கா. மாமியார் "குடி"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. எதிர்ல சும்மா உட்கார்ந்திருந்தாங்க. கஞ்சி ஆறிப்போச்சு. எந்திரிச்சுப் போய்ச் சுடவச்சுக் கொண்டாந்தாங்க. மறுபடியும் உட்கார்ந்தாங்க.

பாதி டம்ளர் குடிச்சா. அன்னைக்குப் பூரா ரெண்டு பேரும் வயித்துச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டே இருந்தாங்க. வலி வரலை.

நோய் போயிட்டான்னு கேக்காதீங்க. போவலை. இன்னைக்கும் அவ தட்டு முன்னால உட்காரும்போது யோசிச்சு யோசிச்சுத்தான் முதல் வாய் எடுக்கா. ஆனா மாமியார் அடுப்புப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி, "இன்னைக்கு எதும்மா ஒத்துக்கும்?"னு கேக்காங்க. அவ சொல்றதை நம்புறாங்க.

பிரியமானவங்களே... ஞானபுஷ்பம் அம்மாகிட்ட அன்பு இல்லாம இருந்துதா? நிறைய இருந்துது. என்ன இல்லை? கேக்குற பழக்கம் இல்லை. நம்புற மனசு இல்லை. அடுத்தவங்க உடம்புக்குள்ள இருக்குற வலி நமக்குத் தெரியாது. அவங்க வாய் திறந்து சொன்னாத்தான் தெரியும். சொன்ன பிறகும் நாம நம்பலைன்னா, அந்த அன்பே அவங்களைப் படுக்கையில தள்ளிரும்.

இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம கோயில் விருந்துல, அசனப் பந்தியில உட்காரப் போறோம். பக்கத்துல ஒருத்தர் இலை மேல கையை வச்சு மறைப்பாரு... "வேண்டாம்"பாரு. அவர்கிட்ட, "இவ்வளவூண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லாதீங்க. ஆகுமா ஆகாதான்னு அவருக்குத்தான் தெரியும். "உங்களுக்கு என்ன ஒத்துக்கும்?"னு கேளுங்க. சொன்னதைக் கொண்டாந்து வைங்க. ஒண்ணுமே வேண்டாம்னா... பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டிருங்க.