பட்டை பச்சையாகவே இருந்தது

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு டீ இல்லாமல் ஆகாது, ஐயா. அன்றைக்கும் டம்ளரோடுதான் பயிற்சி அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் பார்க்கும் கணினி நிரலை எழுதியவன் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. நான் தும்மினால் சர்வருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நம்பினார்கள். நிரலின் திரை உச்சியில் ஒரு பட்டை. நிஜ டேட்டாபேஸில் இருந்தால் சிவப்பு, பயிற்சிக்கான போலி டேட்டாபேஸில் இருந்தால் பச்சை. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் 'இப்போது எதில் இருக்கிறோம்?' என்று சர்வரைக் கேட்டு நிறம் மாறும். உலகத்தில் எந்த மந்திரியும் அந்த அளவுக்கு உண்மை பேசியதில்லை.

அங்கேயே கணினிப் பிரிவில் இருந்த என் மாப்பிள்ளைக்குத் தூர ஊரில் தலைமைப் பதவி வந்தது. மகளும் பேத்தியும் கூடவே கிளம்பினார்கள். தகப்பன் என்ன செய்வான்? பட்டை ஓயாமல் கேள்வி கேட்டுக் களைத்திருந்தது. இனி நிரலுக்குள் நுழையும்போது ஒரு தரம் கேட்டால் போதும் என்று மாற்றினேன். ஓய்வின் அருமை எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு மாப்பிள்ளை புதிய நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்தார். பட்டை பச்சை. நடுவில் வார்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள்.

"சார், ஓரக் கட்டில் தாத்தாவோட ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சா?"

நிஜ டேட்டாபேஸுக்கு மாறிப் பார்த்துச் சொன்னார். திரும்ப மாறுவதற்குள் நான் பேச்சுக் கொடுத்தேன்.

"மாப்பிள்ளை, சாமானெல்லாம் கட்டியாச்சா?"

"பாதி ஆச்சு மாமா. உங்க பொண்ணு செருப்புக்கே தனி லாரி பிடிக்கணும்."

"அவ அம்மாவும் அப்படித்தான். கல்யாணம் முடிஞ்சு வர்றப்போ பெட்டியெல்லாம் வண்டிக்குள்ள, நான் கூரை மேல."

அறையே சிரித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டையைப் பார்த்தார். பச்சை. வகுப்பு முடிந்ததும் போலி நோயாளிகளை மொத்தமாக அழித்து வைப்பது வழக்கம். அழித்தார். நான் டீயை ஆற்றிக் குடித்தேன்.

மாலைக்குள் நகலிலிருந்து எல்லாவற்றையும் நானே மீட்டேன். கை தட்டினார்கள். அதுவரை அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒரு அம்மாளுக்கு மட்டும் பொறுக்கவில்லை. அந்த அம்மாளுக்கு எந்த ஊசி ஆகாது என்ற வரி அப்போது திரையில் இல்லை.

மாப்பிள்ளையை விட்டுவிடுங்கள், ஐயா. அவர் பதவி போனதே எனக்குப் போதும். மகள் பேத்தியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் என்று நேற்று அவளிடம் ஆசையாகச் சொன்னேன். அதிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை, கதவைக்கூடத் திறப்பதில்லை. பிறந்த வீட்டுச் சுகம் அப்படி.