முடிந்ததென்று சொல்லாத வேலை

பகல் மணி பன்னிரண்டு. ஆமாம், பகல்தான். ராத்திரி மட்டும் வா என்று பேய்க்கு யாராவது நைட் ஷிப்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்ன? உச்சி வெயிலைப் போல அதற்குத் தோதான பொழுது வேறில்லை. நம் நிழலே பயந்து காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் நேரம் அது.

ஊருக்கு வெளியே ஒரு ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். விடுமுறை நாள், ஈ காக்கை இல்லை. தாரில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்து, கருகி, எழுந்து ஓடியே போய்விடும், அப்படி ஒரு வெயில். அந்த ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர். அதன்மேல் என் சீட்டாட்டக் கூட்டாளியின் மாப்பிள்ளை. கூட்டாளி சீட்டில் பொய் சொல்வாரே தவிர வீட்டு விஷயத்தில் சொல்லமாட்டார். அவர் சொன்னதற்குமேல் நான் ஒரு கைப்பிடிதான் சேர்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சர்வரைக் கட்டி மேய்க்கிற வேலை. ஜனங்கள் போனில் பேசி அனுப்பும் குரல் சேதியை எழுத்தாக்கி, சேரவேண்டியவருக்கு அனுப்பும் கம்பெனி. சேதிகள் வந்து வரிசையில் நிற்கும். அதற்கு க்யூ என்று பேர். வரிசைக்கு முன்னால் வொர்க்கர்கள். மனிதர்கள் இல்லை, மெஷினுக்குள் ஓடுகிற புரோகிராம்கள். ஒவ்வொன்றும் ஒரு சேதியை எடுக்கும், கேட்கும், எழுதும், ‘முடிந்தது’ என்று சொல்லும். சொல்லாமல் பாதியில் செத்துவிட்டால் சேதி மறுபடி வரிசைக்கு வந்துவிடும். அடுத்த வொர்க்கர் எடுக்கும். யாராவது முடிந்தது என்று சொல்கிறவரை அந்தச் சேதி போகாது... சுற்றிக்கொண்டே இருக்கும்.

அன்று காலையிலிருந்து வொர்க்கர்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. ஆபீஸில் தனியாக இருந்த பையன் போன் செய்தான். அவன் பட்டப்பேர் மின்னல். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க அரை நாள் ஆகும் என்பதால் வைத்த பேர்.

“அண்ணா, வரிசை வாசல் தாண்டிப் போயிருச்சு. வொர்க்கரெல்லாம் எடுக்குது, சாகுது.”

“ஆள் பத்தலைடா. ஆளைக் கூட்டு. பத்தை இருபதாக்கு.”

மாப்பிள்ளைக்குத் தலைவலி வந்தாலும் அதுதான் மருந்து, ஆளைக் கூட்டு. சொல்லிவிட்டு, தலைவலியோடு படுத்திருந்த மனைவியிடம் “ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்” என்று கிளம்பி, அந்த வெயிலில்தான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்.

ஆபீஸ் வாசலிலேயே ஒரு வாடை. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்த மாதிரி. உள்ளே ஸ்பீக்கரில் டிங்... டிங்... டிங். ஒரு வொர்க்கர் செத்தால் ஒரு டிங்.

“இருபதும் போச்சுண்ணா.”

“அறுபது போடு.”

போட்டார்கள். டிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, சைக்கிள் பெல்லை விடாமல் அமுக்கின மாதிரி ஒரே ஓசை. அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்தார். அத்தனை வொர்க்கரையும் கொன்றது ஒரே சேதி. அனுப்பியவர் பேர் இருக்கவேண்டிய இடம் காலி. சாவதற்கு முன் ஒவ்வொரு வொர்க்கரும் பாதி எழுதியது திரையில் வரிசையாக நின்றது.

பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கினேன். மூலைக்கடையைத் தாண்டினேன்.

கீழே போகப் போக, ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் கூடுதல். அதே குரல் சேதிதான். நீளமும் கூடவில்லை. ஆனால் ஒரு வொர்க்கர் சாகும்போதெல்லாம் அதில் வருகிறவர் ஒரு அடி முன்னால் வந்திருந்தார்.

“யாரோ வீட்டுக்கு வர்றாங்க போல,” என்றான் மின்னல்.

கேட்டின் கொக்கியைத் தூக்கினேன். செருப்பைக் கழற்றினேன். மாடிப்படி ஏறினேன். மூன்றாவது படி ஆடியது.

மாப்பிள்ளையின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. அவர் வீட்டிலும் மூன்றாவது படி ஆடும். சிமெண்ட் வைத்துப் பூசச் சொல்லி அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். சேதி யாருக்குப் போகிறது என்று பார்த்தார். மனைவியின் நம்பர்.

போன் போட்டார். மணி அடித்தது... அடித்தது... எடுத்தாள்.

“தூங்கறவளை எழுப்பித்தான் ஆகணுமா? உள்ள வந்துட்டு எதுக்குப் போன் பண்றீங்க?”

“நான்... உள்ள வரலம்மா.”

“விளையாடாதீங்க. படி ஆடற சத்தம் கேட்டுச்சே. அதை என்னைக்குத்தான் சரி பண்ணப் போறீங்களோ.”

“நான் ஆபீஸ்ல இருக்கேன்.”

போனில் கட்டில் கிரீச்சிடுவது கேட்டது. அப்புறம் மெதுவாக, “அப்ப பாத்ரூம்ல கால் கழுவறது யாரு?”

டிங்.

கால் கழுவினேன்.

“வெளிய போ. பக்கத்து வீட்டுக்குப் போ.”

“எப்படிப் போறது? பாத்ரூமைத் தாண்டித்தானே போகணும்.”

“அப்ப ரூம் கதவைத் தாழ் போடு. யார் கூப்பிட்டாலும் திறக்காத.”

வொர்க்கர்களை நிறுத்தினார். நிற்கவில்லை. ஒன்று விழுந்தால் அதன் இடத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிட ஒரு காவல் புரோகிராம் உண்டு. அவரே ராப்பகலாக உட்கார்ந்து எழுதியது. அவர் கொல்லக் கொல்ல அது எழுப்பியது. எழுந்தது சேதியை எடுத்தது. டிங். ஈரக்காலோடு நடந்தேன். டிங். தாழ் போட்ட கதவுக்கு முன்னால் நின்றேன். டிங்...

மாப்பிள்ளை மேசைக்கடியில் பாய்ந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். சுவரில் பாதி கையோடு வந்தது.

திரை இருண்டது. போனில் மனைவியின் மூச்சு மட்டும்.

“சத்தம் நின்னுருச்சுங்க,” என்றாள். “சீக்கிரம் வாங்க.”

ஸ்கூட்டர் அன்று தரையில் ஓடவில்லை என்று கூட்டாளி சத்தியம் செய்கிறார். கேட் திறந்து கிடந்தது. செருப்பு எதுவும் புதிதாக இல்லை. மூன்றாவது படி ஆடியது. மேலே, பாத்ரூமிலிருந்து ஈரக்கால் தடம்... சின்னச் சின்னதாக, நெருக்க நெருக்கமாக. படுக்கை அறைக் கதவு வரை வந்து, அங்கே இரண்டு காலும் சேர்ந்து நின்றிருந்தது. அதற்குமேல் இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.

“நான்தான். கதவைத் திற.”

“நீங்கதான்னு எப்படி நம்பறது?”

“படியை நாளைக்கே பூசிடறேன்.”

“இதைத்தான் வருஷக்கணக்கா சொல்றீங்க,” என்று அழுதுகொண்டே தாழை எடுத்தாள்.

உள்ளே போய் மறுபடி தாழ் போட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி எதிரே சுவரோடு ஒட்டி நின்றாள். அறையில் அந்த ஈரத்துணி வாடை. வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மின்னல்.

“அண்ணா, நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. முதலாளி போன்ல கிழிகிழின்னு கிழிச்சாரு. அதான் க்யூவை அப்படியே இன்னொரு மெஷினுக்கு மாத்தி ஓட விட்டுட்டேன்.” பிறந்ததிலிருந்து அவன் வேகமாகச் செய்த ஒரே வேலை அது. “இந்தத் தடவை ஒரு வொர்க்கர்கூடச் சாகலண்ணா. அந்தச் சேதியும் போயிருச்சு. முடிந்ததுன்னு வந்துருச்சு.”

மனைவியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அவள் பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரைக்கூட இல்லை... அவருக்குப் பக்கத்தில்.

“என்னம்மா போட்டிருக்கு?”

சத்தம் வராமல், உதட்டால்தான் வாசித்தாள்.

“அவனுக்காகத் தாழைத் திறந்தாள். கூடவே உள்ளே வந்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார வந்தான். நகர்ந்து இடம் கொடுத்தேன்.”